ஏகாம்பரத்தின் படகில் ஏறியவர்கள்

ஏகாம்பரம் குடிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அன்றைக்கு அவர் படகில் வந்த மூன்று பேரும் இன்னும் ஆவடிப் பக்கம்தான் இருக்கிறார்கள். மூவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிட்டேன். யார் சொன்னதும் மற்றவர் சொன்னதோடு முரண்படவில்லை. அதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

இன்னொன்று. இது நடந்தது பகலில். பேய் என்றால் அமாவாசை இருட்டு, சுடுகாடு என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஏகாம்பரத்துக்கு ஊர் காசிமேடு. ஒரு சின்ன ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்டுகிற ஒரு மோட்டாரும் வைத்துக்கொண்டு கரையோரம் மீன் பிடிக்கிறவர். ஒரு டிசம்பர் புயல் மழையில் ஆவடியை அடுத்த கோவில்பதாகைப் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தது. ஏரிக்குக் கீழே வயலாக இருந்த இடங்களில் எல்லாம் இப்போது வீடுகள். தண்ணீருக்கு அது தெரியுமா? பழைய வழியிலேயே வந்தது. காசிமேட்டிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதில் ஏகாம்பரத்தின் படகும் ஒன்று. அவர் பெரிய அலையில் ஓட்டியிருக்கிறார், புயலில் ஓட்டியிருக்கிறார். தெருவில் ஓட்டியதில்லை.

வழி காட்ட அவரோடு ஏறியவர் பாபு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஆட்டோவே அப்போது தண்ணீருக்கு அடியில்தான் இருந்தது. அந்தத் தெருக்கள் அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

ஏரிக்குக் கீழே ஒரு நகர். பெயரைச் சொல்லப் போவதில்லை, அங்கே இன்னும் பிளாட் விற்கிறார்கள். அதன் கடைசிச் சந்தில் ஒரு அடுக்குமாடி. முதல் மாடியில் உலகநாதன் என்று ஒரு பெரியவர், அவர் மகள் கிருஷ்ணப்பிரியா. பெரியவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸ் இரண்டு தடவை தவறிவிட்டது. அடுத்ததும் தவறினால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாரும் முந்தின நாளே டிராக்டரில் வெளியேறிவிட்டார்கள். நடக்க முடியாத அப்பாவை வைத்துக்கொண்டு அந்தப் பெண் மட்டும் மாட்டிக்கொண்டாள். ஒரு போன், அதில் கொஞ்சம் சார்ஜ்.

"கடசி சந்து அண்ணாத்தே. பள்ளம். அங்க மத்த போட்டு எதுவும் போவல," என்றார் பாபு.

"நம்ம போவும்," என்றார் ஏகாம்பரம்.

இங்கே மோட்டாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மீதி புரியாது.

இந்த மோட்டார் படகின் பின்பலகையில் இரண்டு திருகில் தொங்கும். கீழே தண்ணீருக்குள் விசிறி. விசிறிக்குச் சற்று மேலே படுக்கையாக ஒரு தகடு. அந்தத் தகடு படகின் அடிப்பாகத்துக்கு நேராக நிற்க வேண்டும். கீழே இறங்கினால் விசிறி தரையில் இடிக்கும். ஏறினால் விசிறி தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். படகு நகராது, மோட்டார் மட்டும் அலறும். ஆள் ஏற ஏறப் படகு தாழும், மோட்டாரும் சேர்ந்து தாழும். அப்போது திருகைத் தளர்த்தி மோட்டாரைத் தூக்கி, அடியில் ஒரு கட்டையை வைத்து மறுபடி முடுக்க வேண்டும். ஆள் இறங்கினால் கட்டையை எடுத்துவிட வேண்டும்.

"ஆளை எண்ண வேணாம்பா. மோட்டாரைப் பாத்தா எத்தினி பேர் கீறாங்கன்னு அதுவே சொல்லும்," என்பார் ஏகாம்பரம்.

மெயின் ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் படகை இறக்கினார்கள். முழங்கால் தண்ணீர்தான். விசிறி ரோட்டில் கரகரவென்று இடித்தது. ஏகாம்பரம் ஒரு கட்டை வைத்து மோட்டாரை உயர்த்தினார். இரண்டு பேர் எடைக்கு அது கச்சிதமாக நின்றது. படகு வழுக்கிக்கொண்டு போனது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆனால் மேகம் அடைத்துச் சாயங்காலம் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். கேட்டுகளின் மேல் கம்பிகள் மட்டும் தண்ணீருக்கு வெளியே வரிசையாக நின்றன. ஒரு காரின் கூரை. மிதக்கிற கேஸ் சிலிண்டர். மனிதச் சத்தமே இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

கடைசிச் சந்து குறுகல். இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். சந்தின் வாயில் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்த செங்கல் குவியல் தண்ணீருக்குள் ஒரு மேடாகக் கிடந்தது. ஏகாம்பரம் மோட்டாரைச் சாய்த்துக்கொண்டு மேட்டைத் தாண்டினார். விசிறி லேசாக உரசியது. அவ்வளவுதான்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆழம். இடது பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைகள் ஒரே வரிசையில். மாத வாடகைக்கு விடுகிற அறைகள். கதவும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை. கூரை மட்டும் தண்ணீரில் படுத்திருந்தது.

அங்கேதான் மோட்டார் நின்றது.

விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தது. துணி காயப்போடுகிற நைலான் கயிறு. ஏகாம்பரம் குனிந்து அறுத்து எடுத்தார். கயிற்றோடு ஒரு சின்னச் சட்டையும் கிளிப்போடு வந்தது. நான்கு வயசுக் குழந்தை போடுகிற அளவு. அதைக் கூரைமேல் போட்டார்.

அப்போது சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

படகுக்கு அடியிலிருந்து வந்தது போலவும் இருந்தது, கூரைக்கு அடியிலிருந்து வந்தது போலவும் இருந்தது.

"உள்ள யார்னா கீறீங்களா?" என்று கத்தினார் ஏகாம்பரம்.



"எல்லாரும் நேத்தே போய்ட்டாங்க அண்ணாத்தே. நானே கண்ணால பாத்தேன். சிலிண்டரு கிலிண்டரு முட்டுதோ இன்னாவோ," என்றார் பாபு.

ஏகாம்பரம் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடி சத்தம் வரவில்லை. மோட்டாரின் ஸ்டார்ட் கயிற்றை இழுத்து அதைக் கிளப்பினார்.

படகு கிளம்பவில்லை. கிளம்பியது, ஆனால் மாடு மாதிரி கிளம்பியது. அத்தனை கனம். திரும்பிப் பார்த்தார். பின்பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். நாலு விரல்தான் இருந்தது. மோட்டார் கழுத்துவரை முங்கியிருந்தது.

ஓட்டை என்று நினைத்தார். படகின் அடியைத் தடவிப் பார்த்தார். மழைத் தண்ணீர் கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான். பாபுவை முன்னால் நகர்ந்து உட்காரச் சொன்னார். பாபு நகர்ந்தார். பின்பக்கம் ஏறவில்லை.

"இன்னா அண்ணாத்தே?"

"ஒண்ணும் இல்ல. கம்முனு உக்காரு."

மோட்டாரை நிறுத்தி, திருகைத் தளர்த்தி, இரண்டாவது கட்டையை வைத்தார். இது நாலைந்து பேர் ஏறினால் வைக்கிற உயரம். படகில் இரண்டு பேர்தான். ஆனாலும் தகடு சரியான இடத்தில் வந்து நின்றது. மோட்டார் ஒழுங்காக ஓடியது. முப்பது வருஷத் தொழிலில் இப்படிப் பார்த்ததில்லை என்று அவர் மனசு சொன்னது.

அடுக்குமாடியின் படிக்கட்டு வாயிலுக்கே படகு போய்விட்டது. கிருஷ்ணப்பிரியா மேலே நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"வந்துட்டீங்களா அண்ணா," என்றாள்.

பெரியவரை பாபுவும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தென்காசிப் பக்கத்து மனிதர். வெடவெடவென்று ஒல்லி. முகமும் காலும் மட்டும் ஊதியிருந்தன. படகில் ஏகாம்பரத்துக்கு முன்னால் குறுக்குப் பலகை ஒன்று உண்டு. நல்ல அகலம். அவரை அதில் உட்கார வைக்கப் போனார்கள்.

பெரியவர் காலை ஊன்றிக்கொண்டு உட்கார மறுத்தார்.

"உக்காருங்கப்பா," என்றாள் மகள்.

"அங்க எடம் இல்லம்மா," என்றார்.

பலகை காலியாக இருந்தது.

அவரே மெல்லத் தவழ்ந்து போய், முன்னால் பாபுவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். கிருஷ்ணப்பிரியாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டு டயாலிசிஸ் விட்டுப்போச்சு அண்ணா. அதான் ஏதோ பேசுறாங்க," என்று ஏகாம்பரத்திடம் மெதுவாகச் சொன்னாள்.

மழை வலுத்தது. ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் இழுக்கத் தொடங்கியது. படிக்கட்டில் இன்னொரு படி முங்கியது. ஏகாம்பரம் மூன்றாவது கட்டையையும் வைத்து மோட்டாரை உயர்த்தி முடுக்கிவிட்டுக் கிளம்பினார்.

கூரைகளைத் தாண்டும்போதுதான் அவர் அந்தக் குறுக்குப் பலகையைச் சரியாகப் பார்த்தார்.

மழை படகு முழுக்க விழுந்துகொண்டிருந்தது. பாபு முதுகில் விழுந்தது. பெட்ரோல் கேன்மேல் விழுந்தது. பலகையின் இரண்டு ஓரத்திலும் விழுந்தது.

நடுவில் விழவில்லை.

நடுவில் இரண்டு இடம் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உட்காரும் அளவு. அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு இடம். கையகலம்தான் இருக்கும்.

ஏகாம்பரம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சந்தின் வாயைப் பார்த்தார். அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் போதும்.

"பிரியா," என்றார் பெரியவர். கண் பாதி மூடியிருந்தது.

"என்னப்பா?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு குடு. நடுங்குது."

"எந்தப் பிள்ளைப்பா?"

"அவங்கம்மா மடியில இருக்குல்லா..."

பாபு திரும்பி ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டவர், அப்புறம் திரும்பவே இல்லை.

கரக்... கரக்... டங்.

விசிறி செங்கல் குவியலில் ஏறி மாட்டிக்கொண்டது. மோட்டார் அணைந்தது.

ஏகாம்பரம் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. பின்பக்கம் அவ்வளவு தாழ்ந்திருந்தது. மோட்டாரின் கால் கல்லுக்குள் புதைந்துகொண்டது. திருகைத் தளர்த்தினார். இன்னொரு கட்டை உயரத்துக்குத் தூக்கினால் விடுபட்டுவிடும். தூக்கினார். நரம்பெல்லாம் தெறித்தது. விரற்கடைகூட ஏறவில்லை.

பாபு படகில் கிடந்த மூங்கிலை எடுத்து ஊன்றித் தள்ளினார். படகு அசையவில்லை. பின்னாலிருந்து வந்த இழுப்பு படகைச் சுவரோடு வைத்து அழுத்தியது. இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கம் சுவர். முன்னால் மேடு. தலைக்கு மேலே மின்கம்பி, வரும்போது எட்டாத உயரத்தில் இருந்தது... இப்போது பாபு கையைத் தூக்கினால் தொட்டுவிடலாம்.

"எறங்கித் தள்ளட்டா அண்ணாத்தே?"

"எறங்காத. இழுத்துகினு பூடும்."

பின்பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல்.

ஒரு விரல்.

முதல் தண்ணீர் பின்பலகையைத் தாண்டி உள்ளே வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. கிருஷ்ணப்பிரியா அப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் மோட்டாரை விட்டுவிட்டார்.

திரும்பினார். காலிப் பலகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நா இன்னா பண்ணுவேன், சொல்லுங்க," என்றார். "ஏழு பேரை இது தாங்காது."

"நாலு பேர்தான அண்ணாத்தே கீறோம்," என்றார் பாபு, திரும்பாமலே.

ஏகாம்பரம் அதைக் காதில் வாங்கவில்லை.

"பெரியவரு உசுரோட கீறாரு. அவர உட்டுட்டு வந்துர்றேன். இப்ப எறங்கிக்கோங்க. காலைல வரேன். யார் வர்லன்னாலும் நா வரேன். உங்கள இட்டுகினு போறேன். கடலம்மா மேல சத்தியம்."

ஒன்றும் நடக்கவில்லை.

மழை மட்டும்...

பிறகு அந்தக் கையகல இடத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொரு சொட்டு.

பிறகு பக்கத்து இடத்தில்.

பிறகு கடைசி இடத்திலும் மழை விழுந்தது. பலகை முழுக்க நனைந்தது.

படகின் பின்பக்கம் குபுக்கென்று மேலே வந்தது. கல்லில் மாட்டியிருந்த மோட்டாரின் கால் தானாக விடுபட்டது. ஏகாம்பரம் பாய்ந்து கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பியது... கிளம்பி அலறியது. விசிறி பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நின்று காற்றைக் குடித்தது. ஏழு பேருக்கு வைத்த உயரம் அது.

அவசரமாக அணைத்து, ஒரு கட்டையை உருவிப் போட்டு, மோட்டாரை இறக்கி முடுக்கினார். இப்போது நாலு பேர் எடைக்குச் சரியாக நின்றது.

மேட்டைத் தாண்டினார்கள்.

பேக்கரி வாசலில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அன்று ராத்திரியே டயாலிசிஸ் செய்தார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறார். படகில் பேசியது எதுவும் ஞாபகம் இல்லை என்கிறார். ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒரு பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று என்னிடமே கேட்டார்.

படகுக்காரர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஏகாம்பரம் அங்கிருந்தவர்களிடம் சந்தில் உள்ள அறைகளைப் பற்றிச் சொன்னார். அடியில் தட்டுகிற சத்தம் கேட்டதைச் சொன்னார். அந்த அறைகளில் இருந்தவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. இருட்டிய பிறகு படகு எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஏகாம்பரம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"போவாத அண்ணாத்தே," என்றார் பாபு. "யாருக்குக் குடுத்த வாக்கு அது? யார் வந்து கேக்கப்போறாங்க?"

"அவங்க கேப்பாங்க. நா கடல்ல போறவன் பாபு. தண்ணில குடுத்த வாக்கு தப்பக்கூடாது."

"நா வர்ல."

"உன்ன கூப்புடல நைனா. நீ தூங்கு."

விடிந்ததும் ஏகாம்பரம் தனியாகக் கிளம்பினார். மழை விட்டிருந்தது. கிளம்பும்போதே இரண்டாவது கட்டையையும் வைத்து மோட்டாரை உயரத்தில் முடுக்கிக்கொண்டார். ஒரு ஆள் மட்டும் இருக்கும்போது அந்த உயரத்தில் மோட்டார் அலறும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கிளப்பவே இல்லை. மூங்கிலை ஊன்றிக்கொண்டே போனார்.

தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. செங்கல் மேட்டைப் படகு தொடாமலே தாண்டியது.

கூரைகளுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார். தண்ணீர் அசையவில்லை. எங்கோ ஒரு காக்கை கத்தியது. அப்புறம் அதுவும் நின்றது.

"வந்துட்டேன்," என்றார்.

குரல் அவருடையது மாதிரி இல்லை.

பலகைக்கு முன்பக்கம் போய், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

காத்திருந்தார்.

டொக்...

படகு பின்பக்கம் தாழ்ந்தது. மெதுவாக. தண்ணீரிலிருந்து ஒரு ஆள் பிடித்து ஏறினால் தாழ்கிற மாதிரி.

இன்னும் தாழ்ந்தது.

ஈரச் சிமெண்டு வாடை அடித்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருகிற வாடை.

பிறகு லேசாக... மிக லேசாக... ஒரு தாழ்வு.

ஏகாம்பரம் திரும்பாமலே கயிற்றைத் தேடிப் பிடித்து இழுத்தார். மோட்டார் கிளம்பியது.

அலறவில்லை.

தண்ணீரைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டு ஓடியது.

அவர் முன்னால் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டிப் பிடியைப் பிடித்து ஓட்டினார். கழுத்து மரத்துப்போனது. திரும்பவில்லை. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை, பேச்சு இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் விடாமல் வந்தது. துணியைப் பிழியாமல் உட்கார்ந்திருந்தால் சொட்டுமே, அது போல.

பேக்கரி வாசல் வந்தது. படகு தரை தட்டி நின்றது. ரோட்டில் இன்னும் யாரும் இல்லை.

"எறங்கிக்கோங்க," என்றார். "மேடு வந்துட்சி."

படகு கொஞ்சம் ஏறியது.

இன்னும் கொஞ்சம் ஏறியது.

மூன்றாவது ஏறவில்லை.

அவர் காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

முதுகில் ஒரு கை பட்டது. சின்னக் கை. ஐஸ் மாதிரி இருந்தது. பிடிமானத்துக்குத் தொடுவது போலத் தொட்டு... விட்டது.

படகு முழுக்க மேலே வந்தது.

ஏகாம்பரம் அன்றே படகை லாரியில் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். கடலுக்குப் போகவில்லை. அந்த ஒரு வாரம் கழித்துத்தான் பாபுவிடமிருந்து போன் வந்தது. அவர் சொன்னது இது.

அந்தக் கூரை வரிசையில் கடைசி அறைக்கு ஒரு குடும்பம் வெள்ளத்துக்கு நாலு நாள் முன்னால்தான் குடிவந்திருக்கிறது. வினோத், அவர் மனைவி ராணி, நான்கு வயசு மகள் சுவேதா. யாருக்கும் இன்னும் முகம்கூடப் பழகவில்லை. பகலில் டிராக்டர் வந்தபோது, அந்த அறையில் சத்தம் இல்லாததால், அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி ஏரி வழிந்தபோது ராணி தன் அண்ணனுக்கு போன் செய்திருக்கிறாள். தண்ணீர் ஜன்னலுக்கு வந்துவிட்டது, உள்தாழ்ப்பாள் இறுகிப்போய் நகரவே மாட்டேன் என்கிறது, இவர் இடித்துக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட்டது. அண்ணன் வெளியூர். மழையில் பஸ் இல்லாமல், அலைந்து திரிந்து அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று பேரும் கிடைத்துவிட்டார்கள். ஏகாம்பரம் ஊருக்குத் திரும்பிய மறுநாள் மெயின் ரோட்டில் தண்ணீர் வடிந்தபோது கிடைத்தார்கள். பேக்கரி வாசலில். பக்கத்தில் பக்கத்தில். அம்மாவின் மடியோரம் குழந்தை. இறந்தது ஏரி வழிந்த ராத்திரியிலேயே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இழுப்பில் அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பாபுவும் அப்படியே நினைத்திருப்பார். ஆனால் அந்தச் சந்தில் தண்ணீர் வடிய இன்னும் மூன்று நாள் ஆனது. வடிந்த பிறகு, ராணியின் அண்ணன் சாமான்களை எடுக்க வந்தபோது, துணைக்குப் போனவர் பாபுதான்.

ஜன்னல் கம்பி ஒன்றுகூட வளையவில்லை. கூரையில் ஒரு விரிசல் இல்லை. கதவு திறக்கவில்லை. ஆள் வைத்துக் கடப்பாரையால் நெம்பித்தான் திறந்தார்கள்.

தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது.